இண்டர்வியூ முடிந்ததா? நன்றி சொல்லி ஓர் இமெயில் அனுப்புங்கள்

வீட்டிற்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்தவுடன் பலரும் செய்திடும் முதல் உருப்படியான வேலை, வேலை தேடும் மகனுக்கோ மகளுக்கோ ரெஸ்யூமே தயாரித்து அனுப்புவதுதான். அனுப்பிய பின் இண்டர்வியூவிற்கு அழைப்பு வரும். நல்ல சட்டை போட்டுக் கொண்டு, சான்றிதழ் பைலைத் தூக்கிக் கொண்டு போய் வருவோம். அதன் பின்? போன் எப்போது வரும் என்று பார்த்துக் கொண்டு உட்கார்ந்திருப்போம். அந்த இடைவெளியில் நம் கம்ப்யூட்டர் செய்து தரக் கூடிய வேலை ஒன்று இருக்கிறது. இண்டர்வியூ நடத்தியவர்களுக்கு நன்றி சொல்லி நான்கு வரியில் ஓர் இமெயில் அனுப்புவதுதான் அது.

அமெரிக்காவில் இது பழைய வழக்கம். முன்பு தபாலில் அனுப்பினார்கள். இப்போது இமெயிலில் அனுப்புகிறார்கள். நம் ஊரில் இந்தப் பழக்கம் அவ்வளவாக இல்லை. "வேலை கொடுத்தால் நன்றி சொல்லலாம், கேள்வி கேட்டதற்கு எல்லாமா நன்றி?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். நன்றி சொன்னதற்காக யாரும் வேலை கொடுத்து விட மாட்டார்கள். ஆனால் இந்தக் கடிதத்தால் வேறு ஒரு பயன் இருக்கிறது. நான் வசிக்கும் ஏற்காட்டில் அதன் அருமை நன்றாகத் தெரியும்.

மலையில் இருப்பவர்களுக்கு ஏன் முக்கியம்?

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்தால் ஏற்காடு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். இங்கே வேலை என்றால் காபி, மிளகுத் தோட்டங்கள், ஓட்டல்கள், விடுதிப் பள்ளிகள், இவற்றைச் சார்ந்த அலுவலகங்கள். மற்றபடி சேலத்திற்கோ, பெங்களூருக்கோதான் இறங்க வேண்டும். ஊருக்குள் செல்போன் டவர் இருக்கிறது. ஆனால் சேர்வராயன் மலையின் மடிப்புகளில் இருக்கும் எஸ்டேட் வீடுகளிலும் சிற்றூர்களிலும் சிக்னல் வரும், போகும். வாசலில் நின்றால் இரண்டு கோடு, சமையலறையில் ஒன்றுமில்லை. பலத்த மழை பெய்தால் மின்சாரமும் சேர்ந்து போகும்.

இண்டர்வியூ நடத்திய கம்பெனிக்கு இதெல்லாம் தெரியாது. தேர்வு செய்தவரை ஒரு முறை கூப்பிடுவார்கள், இரண்டு முறை கூப்பிடுவார்கள். "தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்" என்று குரல் வந்தால், பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய் விடுவார்கள்.

எங்கள் பகுதிப் பெண் ஒருவர் சேலத்தில் ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலைக்கு இண்டர்வியூ போய் வந்தார். அன்று மாலையே அவரை என் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்து நன்றி இமெயில் ஒன்று அனுப்பச் சொன்னேன். அதன் கடைசி வரியில், "என் எண்ணில் சிக்னல் கிடைக்காவிட்டால் சேலத்தில் உள்ள என் அண்ணனின் எண்ணில் தகவல் சொல்லலாம், இமெயிலைத் தினமும் காலையும் மாலையும் பார்க்கிறேன்" என்று எழுதி, அண்ணனின் எண்ணையும் சேர்த்தார். அடுத்த வாரம் அழைப்பு வந்தது அந்த அண்ணனின் எண்ணிற்குத்தான். அந்த இமெயிலால் வேலை கிடைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வேலை அவருடைய கணக்கறிவிற்குக் கிடைத்தது. ஆனால் வேலை கிடைத்த செய்தி அவரிடம் வந்து சேர்ந்தது அந்த இமெயிலால்தான்.

எனவே நன்றிக் கடிதத்தை ஒரு மரியாதையாக மட்டும் பார்க்க வேண்டாம். உங்களை எப்படித் தொடர்பு கொள்வது என்று சொல்லும் கடிதமாகவும், இண்டர்வியூவில் விட்டுப் போனதைக் கொடுக்கும் கடிதமாகவும் அதனைப் பயன்படுத்துங்கள்.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

ஐந்து விஷயங்கள் போதும்.

1. எந்த வேலைக்கு, எந்தத் தேதியில் இண்டர்வியூ நடந்தது. அவர்கள் ஒரே நாளில் முப்பது பேரைப் பார்த்திருக்கலாம்.

2. நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. ஒரு வரி.

3. அன்று பேசியதில் உங்களுக்குப் பயன்பட்ட ஒரு விஷயம். இந்த ஒரு வரிதான் உங்கள் கடிதத்தை மற்றவர்களின் கடிதத்திலிருந்து பிரித்துக் காட்டும்.

4. அவர்கள் கேட்டு நீங்கள் தருவதாகச் சொன்ன சான்றிதழ் அல்லது தகவல்.

5. உங்களைத் தொடர்பு கொள்ளும் வழி. இரண்டு போன் எண்கள், எப்போது கிடைப்பீர்கள் என்ற குறிப்பு.

சம்பளத்தைப் பற்றி மீண்டும் பேசுவது, குடும்பக் கஷ்டத்தை எழுதுவது, "எப்படியாவது இந்த வேலையைக் கொடுங்கள்" என்று கெஞ்சுவது எல்லாம் இதில் வேண்டாம்.

மாதிரிக் கடிதம் ஒன்றைப் பார்க்கலாம். ஏற்காட்டில் ஓர் ஓட்டலின் வரவேற்புப் பிரிவு வேலைக்கு இண்டர்வியூ போய் வந்தவர் எழுதுவதாக வைத்துக் கொள்ளுங்கள்.

சப்ஜெக்ட்: வரவேற்பாளர் பணி - மார்ச் 12 நேர்முகத் தேர்வு - நன்றி

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். வரவேற்பாளர் பணிக்காக மார்ச் 12 அன்று என்னைச் சந்தித்துப் பேச நேரம் ஒதுக்கியதற்கு நன்றி.

கோடைச் சீசனில் ஒரே நேரத்தில் பல குடும்பங்கள் அறைக்கு வந்து நிற்கும் போது என்ன செய்வீர்கள் என்று கேட்டீர்கள். முன்பதிவுப் பட்டியலைக் காலையிலேயே பிரிண்ட் எடுத்து, அறை எண்களைக் குறித்து வைத்துக் கொள்வேன் என்பதையும் என் பதிலில் சேர்த்துக் கொள்ள விரும்புகிறேன்.

நீங்கள் கேட்ட கம்ப்யூட்டர் பயிற்சிச் சான்றிதழை இத்துடன் இணைத்துள்ளேன்.

என் செல்போனில் மாலை 6 மணிக்கு மேல் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். மற்ற நேரங்களில் கீழே உள்ள இரண்டாவது எண்ணில் என் தந்தையிடம் தகவல் சொல்லலாம்.

இப்படிக்கு,
(பெயர், இரண்டு போன் எண்கள்)

அவ்வளவுதான். கம்ப்யூட்டர் திரையில் ஸ்குரோல் செய்யாமல் படித்து முடிக்கும் அளவு. இண்டர்வியூ ஆங்கிலத்தில் நடந்திருந்தால் கடிதத்தையும் ஆங்கிலத்திலேயே, இதே வரிசையில், தெரிந்த எளிய சொற்களில் எழுதுங்கள். தமிழில் எழுதினால் யூனிகோட் முறையில் டைப் செய்திடுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் டைப் செய்தால், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் உங்கள் கடிதம் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும்.

ஜிமெயிலில் அனுப்பும் முறை

1. ஜிமெயிலைத் திறந்து, இண்டர்வியூவிற்கு உங்களை அழைத்த பழைய மெயிலை முதலில் தேடிக் கண்டுபிடியுங்கள். அதனைத் திறந்து, கீழே உள்ள "ரிப்ளை" பட்டனில் கிளிக் செய்திடவும். இப்படி அனுப்பினால் அழைப்பும் உங்கள் பதிலும் ஒரே தொடராக அவர்களுக்குத் தெரியும். நீங்கள் யார் என்று தேட வேண்டியிருக்காது.

2. "ரிப்ளை ஆல்" பக்கம் போகவே வேண்டாம். சில அலுவலகங்களில் ஒரே மெயிலில் எல்லா விண்ணப்பதாரர்களின் முகவரியையும் போட்டு அழைப்பு அனுப்பி விடுவார்கள். அதற்கு "ரிப்ளை ஆல்" கொடுத்தால், உங்கள் நன்றிக் கடிதமும், போன் எண்ணும், சான்றிதழும் உங்களோடு போட்டியிட்ட அத்தனை பேருக்கும் போய்ச் சேரும்.

3. அழைப்பு போனில் வந்திருந்தால், "கம்போஸ்" பட்டனை அழுத்திப் புதிய மெயில் தொடங்கவும். சரியான இமெயில் முகவரியை இண்டர்வியூ முடிந்து கிளம்பும் போதே வரவேற்பறையில் கேட்டு எழுதிக் கொள்வது நல்லது. இண்டர்வியூ நடத்தியவரின் பெயரையும், அதன் எழுத்துக்களையும் சேர்த்துக் கேட்டுக் கொள்ளுங்கள்.

4. மூன்று பேர் சேர்ந்து கேள்வி கேட்டிருந்தால் மூவருக்கும் ஒரே கடிதத்தைத் தனித்தனியாக அனுப்ப வேண்டாம். உங்களை அழைத்தவருக்கு ஒன்று அனுப்பி, மற்றவர்களுக்கும் நன்றியைத் தெரிவிக்கும்படி எழுதினால் போதும்.

5. முகவரியைக் கடைசியில் டைப் செய்திடுங்கள். கடிதத்தை எழுதிச் சரி பார்த்த பின் "டு" கட்டத்தில் முகவரி கொடுத்தால், பாதிக் கடிதம் தவறிப் போய்ச் சேர வாய்ப்பே இல்லை. ரிப்ளை என்றால் முகவரி தானாகவே வந்திருக்கும். அப்போது கொஞ்சம் கூடுதல் கவனம் தேவை.

அனுப்பியதைத் திரும்பப் பெறலாமா?

ஜிமெயிலில் கொஞ்ச நேரத்திற்குள் என்றால் பெறலாம். "செண்ட்" அழுத்தியவுடன் திரையின் கீழே "அண்டூ" என்று ஒரு சொல் தோன்றும். அதில் கிளிக் செய்தால் கடிதம் போகாமல் நின்று விடும். சாதாரணமாக இதற்கு 5 விநாடிகள்தான் அவகாசம். இதனை 30 விநாடிகள் வரை உயர்த்தலாம். வலது மேல் பக்கம் உள்ள பல் சக்கர அடையாளத்தில் கிளிக் செய்து, "சீ ஆல் செட்டிங்ஸ்" தேர்ந்தெடுக்கவும். முதலில் கிடைக்கும் "ஜெனரல்" பிரிவிலேயே "அண்டூ செண்ட்" என்ற வரி இருக்கும். அங்கே 30 என மாற்றிவிட்டு, பக்கத்தின் அடியில் உள்ள "சேவ் சேஞ்சஸ்" பட்டனை மறக்காமல் அழுத்தவும். பலர் இந்தக் கடைசி வேலையைச் செய்யாமல் வந்து விட்டு, செட்டிங்ஸ் மாறவில்லை என்பார்கள்.

எப்போது அனுப்ப வேண்டும்?

இண்டர்வியூ நடந்த அன்று மாலை, அல்லது மறுநாள் காலை. 24 மணி நேரத்திற்குள் என்று வைத்துக் கொள்ளுங்கள். முடிவெடுத்த பின் போய்ச் சேரும் கடிதத்தால் பயன் இல்லை.

இரவு 11 மணிக்குத்தான் எழுத நேரம் கிடைத்தது, ஆனால் காலை 9 மணிக்குப் போனால் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறீர்களா? இதற்கும் வசதி உண்டு. "செண்ட்" பட்டனை ஒட்டியுள்ள சிறிய அம்புக் குறியில் கிளிக் செய்தால் "ஷெட்யூல் செண்ட்" என்று கிடைக்கும். 2019 ஏப்ரலில் ஜிமெயிலில் சேர்க்கப்பட்ட வசதி இது. நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்து விட்டால், அந்த நேரத்தில் கூகுளின் சர்வரிலிருந்து கடிதம் தானாகப் போகும். உங்கள் கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும், வீட்டில் மின்சாரம் இல்லாவிட்டாலும் கவலையில்லை. எங்களைப் போன்ற மலைவாசிகளுக்கு இது பெரிய வசதி.

எதிரில் இருப்பவரின் வேலை நேரத்தையும் பாருங்கள். ஏற்காட்டு ஓட்டல்களில் சனி, ஞாயிறு கூட்டம் அதிகம். ஏப்ரல், மே மாதங்களில் கேட்கவே வேண்டாம். வெள்ளிக்கிழமை இண்டர்வியூ என்றால் அன்று மாலையே அனுப்பி விடுங்கள். எஸ்டேட் மேலாளர்கள் காலையில் தோட்டத்தில் இருப்பார்கள். காபிப் பழம் பறிக்கும் நாட்களில் நாள் முழுவதும் அங்கேதான். அவர்களுக்கு அனுப்பி விட்டு அரை மணி நேரத்தில் பதிலை எதிர்பார்க்காதீர்கள்.

நெட் இல்லாத போது

2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழையில் சேலம் - ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. இப்படிப்பட்ட நாட்களுக்கு முன்கூட்டியே ஓர் ஏற்பாடு செய்து வைக்கலாம். குரோம் பிரவுசரில் ஜிமெயிலைத் திறந்து, செட்டிங்ஸில் "ஆப்லைன்" என்ற பிரிவிற்குச் சென்று, "எனேபிள் ஆப்லைன் மெயில்" என்பதில் டிக் செய்து சேவ் செய்திடவும். இதன் பின் இன்டர்நெட் இல்லாவிட்டாலும் பழைய மெயில்களைப் படிக்கலாம். பதில் எழுதி "செண்ட்" கொடுக்கலாம். கடிதம் "அவுட்பாக்ஸ்" போல்டரில் காத்திருந்து, இணைப்பு வந்ததும் போய் விடும். இது உங்கள் சொந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான். பிரவுசிங் சென்டரிலோ, பலரும் பயன்படுத்தும் கம்ப்யூட்டரிலோ இதனைச் செய்யக் கூடாது. உங்கள் மெயில்கள் எல்லாம் அதில் பதிவாகி விடும்.

பாதை அடைபட்டு இண்டர்வியூவிற்கே போக முடியவில்லை என்றாலும், இண்டர்வியூ நேரத்திற்கு முன்பே ஓர் இமெயில் அனுப்பி, வேறு நாள் தர முடியுமா என்று கேளுங்கள். வராமலும் சொல்லாமலும் இருந்தவருக்கும், வர முடியாமல் தகவல் சொன்னவருக்கும் வித்தியாசம் உண்டு.

சான்றிதழை இணைக்கும் போது

செல்போனில் எடுத்த படத்தை அப்படியே அனுப்ப வேண்டாம். பிடிஎப் பைலாக மாற்றிக் கொள்ளுங்கள். வேர்டில் உள்ள ரெஸ்யூமே என்றால் "சேவ் அஸ்" சென்று பைல் வகையில் பிடிஎப் என்று தேர்ந்தெடுக்கவும். படமாக இருந்தால், விண்டோஸ் 10, 11-ல் அதனைத் திறந்து "பிரிண்ட்" கொடுத்து, பிரிண்டர் பட்டியலில் "மைக்ரோசாப்ட் பிரிண்ட் டு பிடிஎப்" என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். பைலுக்கு "ஸ்கேன்001" என்றெல்லாம் பெயர் வைக்காமல், உங்கள் பெயரையும் சான்றிதழின் பெயரையும் வையுங்கள். ஜிமெயிலில் 25 எம்.பி. வரை இணைக்கலாம் என்றாலும், ஒரு சான்றிதழுக்கு ஒன்றிரண்டு எம்.பி.க்கு மேல் தேவைப்படாது.

யாருக்கு அனுப்பக் கூடாது?

இது மிக முக்கியம். அரசுப் பணி, பொதுத் துறை வங்கிப் பணி ஆகியவற்றுக்கான நேர்முகத் தேர்வு முடிந்த பின், அதை நடத்திய குழுவினருக்குத் தனிப்பட்ட நன்றிக் கடிதம் அனுப்பாதீர்கள். யு.பி.எஸ்.சி., வங்கித் தேர்வுகளை நடத்தும் ஐ.பி.பி.எஸ். போன்ற அமைப்புகளின் அறிவிப்புகளில், எந்த வகையிலாவது ஆதரவு திரட்ட முயன்றால் தகுதி நீக்கம் செய்யப்படுவார்கள் என்று தெளிவாகவே எழுதியிருக்கும். நீங்கள் நல்லெண்ணத்தில் அனுப்பியதை வேறு விதமாக எடுத்துக் கொள்ள இடம் கொடுக்க வேண்டாம். டி.என்.பி.எஸ்.சி. நேர்முகத் தேர்விற்கும் இதையே கடைப்பிடியுங்கள். முடிவுகளை அவர்களின் இணைய தளத்தில் பார்த்துக் கொள்வதுதான் வழி.

தனியார் நிறுவனங்களிலும் வாட்ஸ் அப் வேண்டாம். அவர்களே வாட்ஸ் அப்பில் உங்களை அழைத்திருந்தால் மட்டும் அதிலேயே பதில் கொடுக்கலாம். மேலாளரின் சொந்த எண் எப்படியோ கிடைத்து விட்டது என்பதற்காக இரவில் "வணக்கம் சார்" போடாதீர்கள்.

சாட்ஜிபிடி எழுதித் தரட்டுமா?

கேட்டால் எழுதித் தரும். அழகாகவே எழுதும். சிக்கல் என்னவென்றால், அதே வேலைக்கு வந்த மற்றவர்களும் அதையே கேட்டிருப்பார்கள். பத்துக் கடிதங்கள் ஒரே குரலில் வந்தால், படிப்பவருக்கு எதுவும் மனதில் நிற்காது. ஆங்கிலத் தவறுகளைத் திருத்த அதனைப் பயன்படுத்துங்கள். அன்று பேசியதைப் பற்றிய அந்த ஒரு வரியை நீங்களே எழுதுங்கள். அனுப்பும் முன், "நிறுவனத்தின் பெயர் இங்கே" என்பது போல அது விட்டு வைத்த கட்டங்கள் அப்படியே இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

பதில் வந்தால், வராவிட்டால்

பெரும்பாலும் பதில் வராது. அதற்காக வருந்த வேண்டாம். முடிவு சொல்வதாகக் கூறிய நாள் தாண்டி இரண்டு மூன்று நாட்கள் ஆன பின், அதே தொடரில் இரண்டு வரியில் ஒரு முறை விசாரிக்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

காத்திருக்கும் நாட்களில் "ஸ்பேம்" போல்டரைத் தினமும் ஒரு முறை பாருங்கள். இடது பக்கப் பட்டியலில் "மோர்" கிளிக் செய்தால் இது கிடைக்கும். புதிய முகவரியிலிருந்து வரும் வேலை உத்தரவு இங்கே ஒதுங்கி விடலாம். 30 நாட்களில் அவை தானாகவே அழிந்து விடும். சரியான மெயில் அங்கே இருந்தால், அதைத் திறந்து "நாட் ஸ்பேம்" என்று கொடுக்கவும்.

பதில் வந்து, அதில் பயிற்சிக் கட்டணம், வைப்புத் தொகை, லேப்டாப்பிற்கு முன்பணம் என்று எந்தப் பெயரிலாவது பணம் கேட்டால் உஷாராகி விடுங்கள். அனுப்பியவரின் முகவரியில் அட் குறிக்குப் பின் வரும் பெயரை, முதல் அழைப்பு வந்த முகவரியோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும், இண்டர்வியூ நடந்த அலுவலகத்திற்கு நேரில் அல்லது போனில் கேட்ட பின்பே அடுத்த வேலை. பணத்தை இழந்து விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கவும்.

வேலை இல்லை என்று பதில் வந்தாலும் "தகவல் தெரிவித்ததற்கு நன்றி; மீண்டும் இடம் காலியானால் என்னைக் கருத்தில் கொள்ளவும்" என்று ஒரு வரி அனுப்புங்கள். ஏற்காடு போன்ற சிறிய ஊரில் வேலை கொடுப்பவர்கள் எண்ணிக்கை குறைவு. சேர்ந்தவர் இரண்டு மாதத்தில் நின்று விடுவதும் சகஜம். அப்போது பழைய மெயிலைத் தேடுவார்கள். அதில் உங்கள் பெயரும், எடுக்கக் கூடிய போன் எண்ணும் இருக்க வேண்டும்.

இண்டர்வியூ வரும் வரை காத்திருக்க வேண்டாம். இன்றே "அண்டூ செண்ட்" அவகாசத்தை 30 விநாடிகளாக மாற்றி வையுங்கள். மேலே உள்ள மாதிரிக் கடிதத்தில் உங்கள் விவரங்களைப் போட்டு, நாளைக் காலை 9 மணிக்குப் போகும்படி உங்கள் முகவரிக்கே ஷெட்யூல் செய்து அனுப்பிப் பாருங்கள். சரியாக வந்து சேர்ந்தால், உண்மையான இண்டர்வியூ அன்று உங்களுக்குப் பத்து நிமிட வேலைதான்.